தொலைவும் அணிமையும்: உயர்கல்வி நிர்வாகப் பட்டங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாகப் பிறவற்றையெல்லாம் ஆராய்ந்து வந்துள்ளன. தம்மைத் தாமே ஆராய்வதில் அவை காட்டிய ஆர்வம் மிகக் குறைவு. வைத்தியரையும் சட்டத்தரணியையும் பொறியியலாளரையும் உருவாக்குதற்கு வரன்முறையான பாடத்திட்டங்களை வகுத்த அதே நிறுவனங்கள், தம்மை நடத்திச் செல்லும் பதிவாளரும் பீடாதிபதியும் உபவேந்தரும் தத்தம் கடமைகளை எங்கே கற்றுக்கொள்வது என்ற வினாவைப் பெரும்பாலும் எழுப்பவில்லை. பதவியேற்ற பின்னர், பழைய கோவைகளைப் புரட்டியும், மூத்தோரை வினவியும், கூட்டங்களில் அடிபட்டும் அறிந்துகொள்ளும் ஒன்றாகவே பல்கலைக்கழக நிர்வாகம் கருதப்பட்டு வந்தது.

இந்நிலை இன்று மாறியுள்ளது. உயர்கல்வி நிர்வாகம் என்பது முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் வழங்கப்படும் தனியொரு துறையாக, குறிப்பாக ஐக்கிய அமெரிக்காவில், நிலைபெற்றுவிட்டது. அப்பட்டங்களை நாடுவோருட் பலர் ஏற்கெனவே கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணிபுரிபவர்கள். தொழிலை விட்டு வர இயலாத காரணத்தால் அவர்கள் தொலைக்கல்வி மூலமாகவே இத்துறையைப் பயில்கின்றனர். பல்கலைக்கழகத்தை ஆளும் கலையைப் பல்கலைக்கழகத்துள் நேரிற் சென்று அமராமலே கற்கும் இம்முறை பலருக்கு நகைப்பையும் சிலருக்கு ஐயத்தையும் விளைவித்துள்ளது. நகைப்பதும் ஐயுறுவதும் எளிது. இம்முறை எக்காரணங்களால் தோன்றியது, யாருக்குப் பயன்படுகிறது, அதன் உண்மையான குறைபாடு எங்கே உள்ளது என்பனவற்றை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

உயர்கல்வியையே ஒரு பாடமாகக் கற்பிக்கும் முயற்சி 1893ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்திலே தொடங்கியது என்பர். அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவிருந்த உளவியலாளர் ஸ்ரான்லி ஹோல் அப்பாடத்தை நடத்தினார். ஆயினும் அது ஒரு கல்விமானின் தனிப்பட்ட ஆர்வத்தின் விளைவேயன்றி, நிர்வாகிகளைப் பயிற்றும் ஏற்பாடன்று.

அதே காலப்பகுதியிலே பல்கலைக்கழக ஆட்சிமுறையைக் கூர்மையாக நோக்கிய இரு நூல்கள் வெளிவந்தன. கேம்பிரிட்ஜ் அறிஞர் கோண்ஃபோட் 1908இல் வெளியிட்ட 'மைக்ரோகொஸ்மோகிராஃபியா அக்கடெமிக்கா' என்னும் சிறுநூல், கல்லூரிக் குழுக்களிலே மாற்றம் எதுவும் நிகழாவண்ணம் அறிஞர்கள் கையாளும் தந்திரங்களை எள்ளிநகையாடுவது. சமூகவியற் சிந்தனையாளர் தோர்ஸ்ரைன் வெப்லன் 1918இல் வெளியிட்ட 'அமெரிக்காவில் உயர்கல்வி' என்னும் நூலோ, பல்கலைக்கழகங்களை வணிகர்கள் ஆளத்தொடங்கியமையால் அறிவுத்தேட்டம் எவ்வாறு கணக்குப் புத்தகத்தின் தேவைகளுக்குக் கீழ்ப்படுத்தப்பட்டது என்பதைச் சினத்தோடு விளக்குவது. ஒருவர் உள்ளிருந்து நகைத்தார். மற்றவர் ஓரத்தில் நின்று சினந்தார். இருவருமே நிர்வாகிகளுக்குக் கைநூல் எழுத முற்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உயர்கல்வி நிர்வாகம் பற்றிய ஆழமான சிந்தனை, நிர்வாகம் பற்றிய விமர்சனமாகவே முதலில் வடிவம் பெற்றது.

இரண்டாவது உலகப் போருக்குப் பின்னர் நிலைமை அடியோடு மாறிற்று. போரினின்றும் மீண்ட படைவீரர்களுக்குக் கல்விச் செலவை வழங்கிய 1944ஆம் ஆண்டுச் சட்டம், பல்கலைக்கழகங்களின் வாயிலை முன்னர் அங்கு கால்வைத்தறியாத வகுப்பினர்க்குத் திறந்தது. 1960இல் கலிபோர்ணியா மாநிலம் தனது உயர்கல்விப் பெருந்திட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, ஈராண்டுச் சமூகக் கல்லூரி என மூன்று படிகளாக அமைந்த அத்திட்டத்தின் சிற்பிகளுள் ஒருவரான கிளார்க் கேர், 1963இல் வெளியிட்ட 'பல்கலைக்கழகத்தின் பயன்கள்' என்னும் நூலிலே, பழைய பல்கலைக்கழகம் மறைந்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற பல சமூகங்கள் ஒரே நிர்வாகத்தின்கீழ் வாழும் பெருநகர் போன்ற அமைப்பு அதன் இடத்தைப் பெற்றுவிட்டதென எடுத்துரைத்தார். அத்தகைய நகரை நடத்துவதற்கு மாணவர் அனுமதி, நிதி, சட்டம், விடுதி, ஆலோசனை, புள்ளிவிபரம் எனத் தனித்தனி அலுவலர் படையொன்று தேவைப்பட்டது. அப்படைக்குப் பயிற்சியும் பதவியுயர்வுக்கான சான்றும் தேவைப்பட்டன. உயர்கல்வி நிர்வாகப் பட்டம் இத்தேவையின் குழந்தையாகும். வெப்லன் கண்டித்த அதே வளர்ச்சிதான், வெப்லனையும் தன் வாசிப்புப் பட்டியலிற் சேர்த்துக்கொண்ட ஒரு பாடநெறியை ஈன்றது. நூலாசிரியரான கேர், 1967இல் மாநில ஆளுகைச் சபையினாற் பதவி நீக்கப்பட்டார் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. நிர்வாகம் என்பது வெறும் நுட்பமன்று, அது அதிகாரம் பற்றிய விடயம் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

2

தொலைக்கல்வியின் வரலாறு வேறொரு வழியில் வந்தது. 1858ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை எக்கல்லூரியிலும் பயிலாதோர்க்கும் திறந்துவிட்டது. இதன் விளைவுகளை ஈழநாட்டவராகிய நாம் நன்கறிவோம். 1921இற் கொழும்பிலே தொடங்கப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை தன் மாணவரை இலண்டன் பட்டப் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்தது. இம்முறையிற் பல்கலைக்கழகம் கற்பிப்பதில்லை; அளக்க மட்டுமே செய்யும். மாணவன் எவ்வாறு கற்றான், எவரிடங் கற்றான், எத்தகைய விளக்கின் ஒளியிற் கற்றான் என்பன அதற்கு ஒரு பொருட்டல்ல.

அளக்கும் பல்கலைக்கழகத்தைக் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக மாற்றியது பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகமே எனலாம். தொழிற்கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் 1963இல் முன்வைத்த 'வானலைப் பல்கலைக்கழகம்' என்ற கருத்து, ஜெனி லீ அம்மையாரின் விடாமுயற்சியால் 1969இற் சாசனம் பெற்று, 1971இல் முதல் மாணவரை ஏற்றது. முன்தகைமை எதுவும் வினவப்படவில்லை. பாடங்களைத் தனியொரு பேராசிரியர் எழுதவில்லை. ஆசிரியர் குழுவொன்று கூடி, விவாதித்து, திருத்தி எழுதிற்று. மாணவரின் கட்டுரைகளைத் திருத்திக் கருத்துரை எழுதி அனுப்பப் போதனாசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். கோடைகாலத்தில் மாணவர்கள் ஓரிடத்திற் கூடினர். இலங்கையில் 1980ஆம் ஆண்டு தாபிக்கப்பட்ட திறந்த பல்கலைக்கழகமும் இம்மரபின் வழிவந்ததே.

இவ்வளர்ச்சியைக் கோட்பாட்டு நிலையில் நோக்கியோருள் ஜேர்மானியக் கல்வியியலாளர் ஓட்டோ பீற்றர்ஸ் முதன்மையானவர். தொலைக்கல்வி என்பது கைத்தொழில்மயப்பட்ட கற்பித்தல் வடிவம் என்பது அறுபதுகளிலிருந்து அவர் வலியுறுத்திவந்த கருத்து. வேலைப் பிரிவினை, இயந்திரமயமாக்கம், பெருந்தொகை உற்பத்தி, முன்கூட்டிய திட்டமிடல் ஆகிய தொழிற்சாலைப் பண்புகள் யாவும் அங்கே காணப்படுகின்றன. ஒருவர் பாடத்தை எழுதுகிறார். மற்றொருவர் விடையைத் திருத்துகிறார். வேறொருவர் மாணவரின் முகவரியைப் பேணுகிறார். பீற்றர்ஸ் இதனைக் கண்டனமாகக் கூறவில்லை. நிலைமையின் விபரிப்பாகவே கூறினார். ஆயினும் இவ்விபரிப்பிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது: தொலைக்கல்வியில் நிர்வாகம் என்பது கற்பித்தலுக்கு வெளியே நிற்கும் துணைச் சேவையன்று, கற்பித்தலின் உடலே அது. ஆகவே உயர்கல்வி நிர்வாகத்தைத் தொலைக்கல்வி வழியாகப் பயிலும் மாணவர், தாம் பயிலும் பொருளினாலேயே நாள்தோறும் ஆளப்படுகிறார். தாமதமாகத் திரும்பிவரும் ஒப்படையும், விளங்காத விதியொன்றினால் மறுக்கப்படும் பதிவும் அவருக்குப் பாடநூலின் பகுதிகளே. இவ்வாய்ப்பை எத்தனை பாடநெறிகள் பயன்படுத்துகின்றன என்பது வேறு விடயம்.

3

இவ்விரு வரலாறுகளும் சந்தித்த இடங்களுள் ஒன்று புளோரிடா மாநிலத்திலுள்ள நோவா பல்கலைக்கழகமாகும். 1964இல் தொடங்கப்பெற்ற அத்தனியார் நிறுவனம், எழுபதுகளின் தொடக்கத்திலே, பாடசாலைத் தலைவர்களுக்கும் சமூகக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்குமெனக் கல்வியியற் கலாநிதிப் பட்டநெறிகளை ஆரம்பித்தது. அம்மாணவர்கள் புளோரிடாவுக்குக் குடிபெயர வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊரிலும் சிறு குழுக்களாக அமைந்து குறிப்பிட்ட நாட்களிற் கூடினர். பிற பல்கலைக்கழகங்களின் அறிஞர்கள் விமானமேறி வந்து விரிவுரையாற்றினர். கோடையில் எல்லாக் குழுக்களும் ஒன்றுகூடின. வழமையான ஆய்வேட்டுக்குப் பதிலாக, தாம் பணிபுரியும் நிறுவனத்தின் பிரச்சினையொன்றைத் தீர்க்கும் செய்முறை அறிக்கைகளை மாணவர் எழுதினர்.

பழைய பல்கலைக்கழகங்கள் இதனைக் கலக்கத்தோடு நோக்கின. நூலகம் இல்லாத, நிரந்தர ஆசிரியர் இல்லாத ஓரிடத்திற் கலாநிதிப் பட்டத்துக்குரிய கல்வி எவ்வாறு நடைபெறும் என்று அவை வினவின. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. 1982இல் வட கரோலினா மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம், பட்டம் புளோரிடாவின் சட்டப்படி அங்கேயே வழங்கப்படுவதால், வட கரோலினாவில் நடைபெறும் கற்பித்தலை அனுமதிப்பத்திரத்தின் மூலம் கட்டுப்படுத்த அம்மாநிலப் பல்கலைக்கழக ஆளுகைச் சபைக்குச் சட்டம் அதிகாரம் அளிக்கவில்லை எனத் தீர்த்தது. ஆயின் 1984இல் வாஷிங்டன் நகரின் மேன்முறையீட்டு நீதிமன்றம், அதே பல்கலைக்கழகத்தின் பொது நிர்வாகக் கலாநிதி நெறி தொடர்பான வழக்கிலே, போதிய முழுநேர ஆசிரியரும் நூலக வசதியும் வேண்டுமெனக் கோர அனுமதிச் சபைக்கு உரிமை உண்டு என ஏற்றுக்கொண்டது. இரு வழக்குகளின் சட்ட அடிப்படைகள் வேறானவை. எனினும் அவை தொட்டுச்சென்ற வினா ஒன்றே: ஒரு பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது? பட்டம் ஒப்பமிடப்படும் இடத்திலா, கற்றல் நிகழும் இடத்திலா?

பழைய நிறுவனங்களின் எதிர்ப்பிலே தரம் பற்றிய அக்கறையோடு சந்தை பற்றிய அச்சமும் கலந்திருந்தது என்பதை மறுத்தற்கில்லை. அதேவேளை நோவாவின் மாணவர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். குடும்பமும் தொழிலும் உள்ள நடுவயதினர். தம் ஊரிலே கலாநிதிப் பட்டநெறி எதுவும் இல்லாதோர். பதவியுயர்வின் படியேற இப்பட்டமின்றி இயலாதோர். வதிவிடப் பல்கலைக்கழகம் என்னும் இலட்சியம் ஓய்வும் பொருள்வளமும் உடைய வகுப்பினரின் இலட்சியம். பகலிற் பதிவேடு எழுதி, இரவிற் பாடம் படிப்போரை நோக்கி, நீர் உண்மையான பல்கலைக்கழக வாழ்வை நுகரவில்லை என்று குறைகூறுவது, பசித்தவனை நோக்கி விருந்தின் ஒழுங்குமுறை அறியான் என்று பழிப்பதை ஒக்கும்.

4

எனவே, மாணவன் வளாகத்தில் இல்லை என்பதைத் தொலைக்கல்வியின் பிரதான குறையாகக் கொள்ளும் வழக்கமான விமர்சனம் மேலோட்டமானது. கல்வியியலாளர் மைக்கேல் மூர் கூறியதுபோல, தொலைவு என்பது புவியியல் விடயமன்று. ஆசிரியருக்கும் மாணவருக்குமிடையே உரையாடல் எவ்வளவு நிகழ்கிறது, பாடத்தின் அமைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பவற்றைப் பொறுத்தது. ஐந்நூறு பேர் அமர்ந்த மண்டபத்தில் கடைசி வரிசை மாணவனுக்கும் விரிவுரையாளருக்குமிடையே உள்ள தொலைவு, தன் கட்டுரையின் ஓரத்திலே விரிவான குறிப்புகளைப் பெறும் அஞ்சல்வழி மாணவனின் தொலைவிலும் பெரிதாயிருக்கலாம்.

ஆயினும் மூரின் பகுப்பில் இடம்பெறாத வேறொரு தொலைவு உண்டு. அது மாணவனுக்கும் அவன் ஆராயும் பொருளுக்கும் இடையிலுள்ள தொலைவு. சோழர் கால நிலவுடைமையை ஆராய்பவனை எச்சோழ மன்னனும் பணிநீக்கஞ் செய்யப்போவதில்லை. வானியல் மாணவனின் சம்பள உயர்வைக் கோள்கள் தீர்மானிப்பதில்லை. உயர்கல்வி நிர்வாகத்தைத் தொழில்புரிந்தவாறே பயிலும் மாணவரின் நிலையோ வேறு. அவர் ஆராயும் பொருள், காலையில் அவர் கையொப்பமிடும் அலுவலகம். அவருடைய ஆய்வுக்குரிய ஆவணங்கள் மேலதிகாரியின் அலுமாரியில் உள்ளன. அவரது ஒப்புதலின்றி அவை திறக்கப்படா. அறிக்கை முடிந்தபின் அதனை வாசிப்போருள் அந்த மேலதிகாரியும் ஒருவர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாணவர் அனுமதிப் பிரிவிற் பணிபுரியும் உதவிப் பதிவாளர் ஒருவர், கிராமப்புற மாணவர் முதலாண்டிலேயே விலகிச்செல்வதற்கான காரணங்களைத் தம் செய்முறை ஆய்வுக்குரிய பொருளாகத் தெரிகிறார் என்க. ஆய்வு நேர்மையாக நடைபெற்றால், விடுதி ஒதுக்கீட்டிலோ, உதவிப்பணம் தாமதமாவதிலோ, பாடமொழியை நிறுவனம் கையாளும் முறையிலோ குற்றம் இருப்பது புலப்படலாம். அக்குற்றம் குறிப்பிட்ட அலுவலகத்தைச் சாரும். அலுவலகத்துக்குத் தலைவர் உண்டு. இந்நிலையில் அறிக்கையின் முடிவு எவ்வாறு அமையும் என்பதை ஊகித்தல் கடினமன்று. பிரிவுகளுக்கிடையே தகவற் பரிமாற்றம் மேம்படுத்தப்படல் வேண்டும். மாணவர்க்கு அறிமுகப் பயிற்சி நடத்தப்படல் வேண்டும். குழுவொன்று நியமிக்கப்படல் வேண்டும். எவரையும் நோகச்செய்யாத, எதையும் மாற்றாத முடிவுகள் இவை. அறிக்கைக்குச் சிறந்த புள்ளி கிடைக்கும். கிராமப்புற மாணவர் தொடர்ந்தும் விலகிச்செல்வர்.

இதுவே இப்பட்டநெறிகளின் உள்ளார்ந்த முரண்பாடு. மாணவர் ஆசிரியரிடமிருந்து மிகத் தொலைவிலும், தொழில்கொள்வோரிடமிருந்து தொலைவேயின்றியும் வைக்கப்படுகிறார். எங்கே அணிமை வேண்டுமோ அங்கே தொலைவும், எங்கே தொலைவு வேண்டுமோ அங்கே அணிமையும் அமைந்துவிடுகின்றன. வதிவிட மாணவர் ஈராண்டு காலம் தம் அலுவலகத்தை விட்டு நீங்குகிறார். அந்நீக்கத்தினாலேயே அதனைப் பொருளாக்கி நோக்கும் சுதந்திரத்தைப் பெறுகிறார். பழைய இலண்டன் பரீட்சைமுறைகூட, கற்பிக்காத குறையிருப்பினும், ஒரு நன்மையை உடையதாயிருந்தது. விடைத்தாளைத் திருத்தியவருக்கு மாணவரின் மேலதிகாரி யார் என்பது தெரியாது. அவருக்கு அஞ்சி எழுத வேண்டிய தேவை மாணவருக்கு இருக்கவில்லை.

5

பாடத்திட்டத்தின் உள்ளடக்கத்தையும் இம்முரண்பாடு பாதிக்கிறது. இத்துறையிற் பயிலப்படும் நூல்கள் பல சிறந்தவை. மைக்கேல் கோகெனும் ஜேம்ஸ் மார்ச்சும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, பல்கலைக்கழகத்தை 'ஒழுங்குபடுத்தப்பட்ட அராஜகம்' எனக் கண்டது. அதன் இலக்குகள் தெளிவற்றவை. தான் கையாளும் முறைகளை அது தானே முற்றாக விளங்கிக்கொள்வதில்லை. தீர்மானங்களிற் பங்குபற்றுவோர் அடிக்கடி மாறுவர். கார்ல் வைக் 1976இல் எழுதிய கட்டுரை, கல்வி நிறுவனங்களின் உறுப்புகள் ஒன்றோடொன்று தளர்வாகவே பிணைக்கப்பட்டுள்ளன என்றது. பேற்றன் கிளார்க் 1983இல் உயர்கல்வி அமைப்புகளை அரசு, சந்தை, கல்விசார் குழுமம் என்னும் மூன்று முனைகளுக்கிடையே வைத்து நோக்கினார். இவை யாவும் பல்கலைக்கழகம் தன்னைப்பற்றிக் கூறிக்கொள்ளும் கதையை நம்ப மறுத்தவர்களின் கண்டுபிடிப்புகள்.

ஆனால் ஒரு கண்டுபிடிப்பு பாட அலகாக வெட்டப்பட்டு, குறிக்கோள்கள் வரையறுக்கப்பட்டு, அலகின் முடிவில் ஐந்து வினாக்கள் சேர்க்கப்படும்போது அதன் இயல்பு மாறிவிடுகிறது. அராஜகம் பற்றிய ஆய்வு, அராஜகச் சூழலிலே தலைவர் கையாளவேண்டிய உபாயங்களின் பட்டியலாகச் சுருங்குகிறது. கிளார்க்கின் முக்கோணம், எம்முனை எவ்வகுப்பின் நலனைப் பேணுகிறது என்ற வினாவை எழுப்பாது, பரீட்சையில் வரைந்து பெயரிடவேண்டிய படமாகிறது. கோட்பாடு என்பது உலகை ஐயுறக் கற்பிக்கும் கருவி. இங்கே அது பதவியேற்பதற்கான சொற்களஞ்சியமாகிவிடுகிறது. இதற்குத் தொலைக்கல்வி மட்டுமே பொறுப்பன்று என்பது உண்மையே. ஆயினும் எதிர்வாதம் புரிய ஒருவருமின்றித் தனித்து வாசிக்கும் மாணவரிடத்தில் இத்தேய்வு விரைந்து நிகழ்கிறது. நிர்வாகம் என்பது கருத்து முரண்பாடுகளின் நடுவே வாழும் கலை. அதனை முரண்பட எவருமில்லாத அறையிற் கற்பது, நாடகத்தை உரையாடலின்றிப் பயில்வது போன்றது.

6

அண்மைக் காலத்தில் இணையத்தின் வருகையோடு பொருளாதாரக் காரணிகள் முன்னணிக்கு வந்துள்ளன. 1992இல் ஐக்கிய அமெரிக்கா தன் உயர்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, மாணவரிற் பாதிக்கு மேற்பட்டோரையோ பாடங்களிற் பாதிக்கு மேற்பட்டவற்றையோ தொலைவழியாக நடத்தும் நிறுவனங்களுக்குச் சமஷ்டி அரசின் மாணவர் உதவி கிட்டாவண்ணம் வரையறை செய்தது. போலி அஞ்சற் கல்லூரிகளைத் தடுக்கவே அது இயற்றப்பட்டது. 2006இல் அவ்வரையறை இணையவழிக் கல்வியைப் பொறுத்தவரை நீக்கப்பட்டது. அதன்பின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களும், தம் இணையவழிப் பட்டநெறிகளை அமைத்து, விளம்பரப்படுத்தி, மாணவரைச் சேர்க்கும் பணியைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்து, கட்டண வருமானத்தில் பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கை அவற்றுக்கு வழங்கும் ஒப்பந்தங்களைச் செய்தன. கல்வியியற் பட்டங்கள் இச்சந்தையிலே முக்கிய இடம் பெற்றன. ஆய்வுகூடம் வேண்டாத, பதவியுயர்வோடு நேரடித் தொடர்புடைய பண்டங்கள் அவை.

இதன் விளைவை ஒரு நிகழ்ச்சி எடுத்துக்காட்டும். 2022ஆம் ஆண்டிலே, தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தின் கல்வியியற் பீடம் தேசியத் தரவரிசைப் பட்டியலிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது. கலாநிதிப் பட்ட மாணவரைத் தெரிவுசெய்தல் பற்றிய விபரங்களைப் பல ஆண்டுகளாக முழுமையாகக் கொடுக்கவில்லை என்பதும், கல்வியியற் கலாநிதி மாணவரை விட்டுவிட்டு ஆய்வுக் கலாநிதி மாணவரின் விபரங்களே அனுப்பப்பட்டன என்பதும் பின்னர் வெளியிடப்பட்ட விசாரணை அறிக்கையிற் புலப்பட்டன. கல்வி நிறுவனங்களுக்குத் தலைமை தாங்கக் கற்பிக்கும் இணையவழிக் கலாநிதி நெறியையும் அதே பீடம் நடத்திவந்தது. அதன் பங்காளியாகவிருந்த கம்பனி 2024இல் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரிற்று. நிறுவன நேர்மையைப் பாடமாகக் கற்பித்த இடத்திலேயே அது தவறியது என்பதை எள்ளலாகக் கூறி விட்டுவிடலாகாது. தரவரிசை மாணவரை ஈர்க்கிறது; மாணவர் கட்டணத்தைக் கொணர்கின்றனர்; கட்டணத்திற் பங்கு கொள்வோர் மேலும் மாணவரை வேண்டுகின்றனர். இச்சங்கிலியில் அகப்பட்ட நிறுவனத்திலே தனிமனிதரின் நேர்மை மட்டும் போதுமான காப்பன்று. வெப்லன் 1918இற் கண்ட கணக்குப் புத்தகம் இன்று கணினித் திரையில் ஒளிர்கிறது.

7

இவ்விடயத்தில் எமக்கென்ன தொடர்பு என வினவலாம். எமது பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் நிர்வாகப் பட்டம் பெற்று வந்தவர்களல்லர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அரசியலமைப்புச் சட்ட அறிஞர். இலண்டன் பரீட்சைக்கு மாணவரைத் தயார்செய்த கல்லூரியைப் பொறுப்பேற்ற அவரே, பேராதனையிலே வதிவிடப் பல்கலைக்கழகம் என்னும் எதிர்முனை இலட்சியத்தை நிறைவேற்ற உழைத்தார். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பெற்றபோது அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் விமர்சகர் கைலாசபதி; அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்று, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர் நாட்டுக்கூத்துக்குப் புத்துயிர் ஊட்டிய வித்தியானந்தன். இலக்கியத்தைச் சமுதாயத்தின் விளைபொருளாக நோக்கப் பழகிய ஒருவர் புதியதொரு நிறுவனத்தை உருவாக்க நேர்ந்தது தற்செயலாகலாம். ஆனால் நிறுவனத்தை வரலாற்றின் விளைவாகக் காணும் பார்வை எந்தத் துறையினூடாகவும் பெறக்கூடியது என்பதற்கு அது சான்றாகும்.

எனினும் இக்காரணங்கொண்டு நிர்வாகக் கல்வி வேண்டா என்று முடிவுகட்டலாகாது. முன்னோடிகளின் காலத்துப் பல்கலைக்கழகங்கள் சிறியன. அறிஞரொருவரின் ஆளுமையே அவற்றைத் தாங்கப் போதுமானதாயிருந்திருக்கலாம். இன்று துணைவேந்தர் ஒருவருக்குக் கீழே பணிபுரியும் உதவிப் பதிவாளர்களும் நிதியாளர்களும் எடுக்கும் அன்றாடத் தீர்மானங்களே ஆயிரக்கணக்கான மாணவரின் வாழ்வை நிர்ணயிக்கின்றன. அவர்களுக்குத் தம் தொழிலைப்பற்றிச் சிந்திக்கும் வாய்ப்பை மறுப்பது நியாயமன்று. தொழிலை விட்டு நீங்க முடியாத அவர்களுக்குத் தொலைக்கல்வியே பெரும்பாலும் இயலக்கூடிய வழி. 2020இற் கொவிட் தொற்றினால் வளாகங்கள் மூடப்பட்டபோது, அதுவரை தொலைக்கல்வியை இரண்டாந்தரமாகக் கருதியோரும் அதன்வழியே விரிவுரையாற்ற நேர்ந்தது. அவ்வகையிற் பழைய ஏளனம் இனிப் பொருந்தாது.

ஆனால் இங்கிருந்தவாறே பிறநாட்டுப் பட்டமொன்றைப் பயிலும் எம்மவர் எதைக் கற்பர் என்பது சிந்தனைக்குரியது. அமெரிக்க நிறுவனங்களின் பாடத்திட்டம் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபை, மாநிலச் சட்டமன்றம், நன்கொடை நிதியம், கட்டணக் கொள்கை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தது. 1972இல் நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக இணைக்கப்பட்டமை, 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் அவை மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களானமை, மானியங்கள் ஆணைக்குழு, பேரவை, மூதவை என்பவற்றுக்கிடையே அதிகாரம் பகிரப்படும் முறை, எழுபதுகளில் அனுமதிக் கொள்கையில் நிகழ்ந்த தரப்படுத்தலும் அதன் அரசியல் விளைவுகளும் ஆகியனவே எமது உயர்கல்வி நிர்வாகத்தின் உண்மையான பாடங்கள். ஓர் அனுமதி விதி, அலுவலக மேசையிலிருந்து புறப்பட்டு ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றக்கூடும் என்பதை எம்மிலும் நன்கு அறிந்தவர் எவர்? இவ்வனுபவத்தைத் தமிழில் முறையாக ஆராய்ந்து கற்பிக்கும் நெறியொன்று உருவாகுமாயின், அது பிறநாட்டுப் பட்டங்களின் நகலாக அமையாது.

அத்தகைய நெறியையோ, இன்று கிடைக்கும் நெறிகளையோ மதிப்பிடும்போது, வளாகத்துக்குச் செல்ல வேண்டுமா என்பதை முதல் வினாவாக வைத்தல் பொருந்தாது. மாணவர் எழுதுவதை வாசித்து மறுத்துரைக்க ஆசிரியர் உளரா? நூல்களும் ஆவணங்களும் கைக்கெட்டுமா? ஒரே துறையில் வெவ்வேறு நிறுவனங்களிற் பணிபுரிவோர் ஒருவரையொருவர் சந்தித்து வாதிட இடமுண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர் தம் அலுவலகத்தைப்பற்றி எழுதும் உண்மை அவ்வலுவலகத்தின் கைக்கு எட்டாவண்ணம் பாதுகாக்கப்படுமா? அவர் தம் நிறுவனத்தை விட்டு வேறொரு நிறுவனத்தை ஆராய வழியுண்டா? ஆய்வறிக்கைகளைத் தொழில்கொள்வோர் மதிப்பிடாது, வெளியிலுள்ள பரீட்சகர் மதிப்பிடும் ஒழுங்குண்டா? இவ்வினாக்களுக்குத் தக்க விடை கூறும் நெறி அஞ்சலில் வந்தாலும் திரையில் வந்தாலும் பல்கலைக்கழகக் கல்வியே. விடை கூறாத நெறி நிழல்மரச் சோலையின் நடுவே நடைபெற்றாலும் பதவியுயர்வுக்கான பத்திரம் மட்டுமே.

தொலைக்கல்வி ஆசிரியனுக்கும் மாணவனுக்குமிடையே உள்ள தொலைவைக் குறைக்கப் பல கருவிகளைக் கண்டுபிடித்துள்ளது. நிர்வாகம் பயில்வோரைப் பொறுத்தவரை, அதற்கு இன்னுமொரு கடமை எஞ்சியுள்ளது: அவர்களுக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்குமிடையே, நின்று நோக்குவதற்குப் போதிய தொலைவை உண்டாக்கிக் கொடுத்தல்.